பரதம் பழகினால் வடமோடி மறந்துபோகுமா?

மட்டக்களப்பு வந்தாறுமூலைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்தே ஊர் அண்ணாவியாரிடம், அதாவது கூத்துப் பழக்கும் ஆசானிடம், வடமோடிக் கூத்து ஆடிப் பழகியவர். இரண்டு வருடமாகப் பரதநாட்டியம் படிக்கிறார். இந்த வருடம் ஊரில் கூத்துப் போடுகிறார்கள். முன்பு ஆடிய அதே பாத்திரத்துக்கு இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போய் நின்றால் கால் பிசகுகிறதாம். முழங்கால் தானாக மடிந்து அரைமண்டிக்குப் போகிறது, கை தோள் உயரத்தில் போய் நிற்கிறது, தாளக்கட்டு (தாளச் சொற்களுக்கு ஆடும் ஆட்ட வரிசை) முடிகிற இடத்தில் ஒரு பரத அடவு, அதாவது பரதத்தின் அடிப்படை ஆட்ட அசைவு, வந்து விழுகிறது. "பரதம் உன்ர கூத்தத் தின்டுட்டு, மறுகா ரெண்டும் இல்லாமப் போவாய்" என்று அண்ணாவியார் சொல்லிவிட்டார். அது உண்மையா, பரதத்தை விட்டுவிடவா என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. பழையது அழிந்துவிட்டதா என்பது ஒன்று. அழியவில்லை என்றால் ஏன் வரமாட்டேன் என்கிறது என்பது மற்றது. நான் கல்வி உளவியல் படித்து ஆசிரிய பயிலுநர்களுக்குப் பல வருடம் அதைப் படிப்பித்தவன். பின்னேரங்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் பழக்கியிருக்கிறேன். கூத்தைக் களரிக்கு (ஆடும் வட்டத்துக்கு) வெளியே பாயில் இருந்து பார்த்ததோடு சரி. ஆகவே ஆட்டத்தில் எது சரி, எது பிழை என்பதற்கு அண்ணாவியார்தான் நீதவான். ஒரு பழக்கம் இன்னொரு பழக்கத்தோடு எப்படி முட்டுகிறது என்பதைப் பற்றித்தான் நான் பேச முடியும்.

முதல் கேள்விக்கு நீங்களே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள், தம்பி. கூத்து அழிந்திருந்தால் அந்த இடத்தில் ஒன்றும் வராமல் திகைத்து நின்றிருப்பீர்கள். உங்களுக்கோ அந்த இடத்தில் இன்னொன்று வருகிறது, அதுவும் சுத்தமான பரத அடவாக வருகிறது. மறதியும் குறுக்கீடும் வேறு வேறு. மறதியில் கால் நிற்கும். குறுக்கீட்டில் கால் வேறு வழியில் ஓடும். உங்களுடையது பெரும்பாலும் இரண்டாவது. "பெரும்பாலும்" என்று ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் குறுக்கீட்டை ஆய்வுகூடத்தில் பிடித்து நூற்றிருபது வருடத்துக்கு மேலாகிறது. ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரில் மியூல்லர், பில்செக்கர் என்ற இருவர் 1900 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரு பட்டியலை மனனம் செய்தவருக்கு உடனேயே இன்னொரு பட்டியலைக் கொடுத்தால், முதல் பட்டியல் குறைவாகவே ஞாபகத்தில் நிற்கிறது என்பதை அதில் காட்டினார்கள். புதியது பின்னோக்கி வந்து பழையதைத் தடுக்கிறது. ஆனால் எல்லாப் புதியதும் ஒரே அளவுக்குத் தடுப்பதில்லை. 1931 இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது; வகுப்பில் எப்போதும் அதைத்தான் சொல்வேன். பத்துப் பெயரடைச் சொற்களை நன்றாகப் பாடமாக்க வைத்தார்கள். பிறகு பத்து நிமிடம். சிலருக்கு அந்தப் பத்து நிமிடமும் ஓய்வு. சிலர் எண்களைப் படித்தார்கள், சிலர் சம்பந்தமில்லாத வேறு சொற்களைப் படித்தார்கள், சிலர் முதல் பட்டியலின் அதே கருத்துள்ள சொற்களைப் படித்தார்கள். ஓய்வெடுத்தவர்கள் சராசரியாக 4.5 சொல் சொன்னார்கள். எண் படித்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அதே கருத்துள்ள சொற்களைப் படித்தவர்களுக்கு ஞாபகம் வந்தது 1.25 மட்டுமே.

இதன்படி பார்த்தால், இந்த இரண்டு வருடத்தில் நீங்கள் கணக்கியலோ கணினியோ படித்திருந்தால் வடமோடிக்கு இவ்வளவு ஆகியிருக்காது. பரதம் படித்ததால்தான் ஆனது. பரதம் கூத்துக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் ஆனது. அண்ணாவியார் கண்டது பிழையில்லை.

ஆனால் பக்கத்தில் இருப்பது எப்போதும் கெடுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சார்ள்ஸ் ஒஸ்குட் என்ற உளவியலாளர் 1949 இல் இதைப் பிரித்துக் காட்டினார். தூண்டலும் ஒத்து, அதற்குச் செய்யவேண்டியதும் ஒத்திருந்தால் பழையது புதியதற்கு உதவும். தூண்டல் ஒன்றாக இருந்து செய்யவேண்டியது வேறாக இருந்தால்தான் சண்டை. இதை விளங்கப் புத்தகம் தேவையில்லை. கட்டாரில் சாரதியாக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவரின் காரில் ஏறினால் போதும். அங்கே ஸ்டியரிங் இடப் பக்கம், சிக்னல் தண்டு இடக் கையில், வைப்பர் தண்டு வலக் கையில். இங்கே நம்மிடம் ஓடும் யப்பான் கார்களில் எல்லாம் மாறி இருக்கும். கல்லடிப் பாலத்தைக் கடந்து திரும்பப் போகிறவர், மழைத் துளியே இல்லாத வெயிலில் வைப்பரைப் போடுவார். அவருக்குக் கார் ஓட்டம் மறக்கவில்லை. வீதியைப் பார்ப்பது, வேகத்தைக் கணிப்பது, பிரேக்கை அமர்த்துவது எல்லாம் முன்பைவிட நன்றாகவே இருக்கும். "திரும்பப் போகிறேன்" என்ற ஒரே தூண்டலுக்கு இரண்டு கை போட்டியிடுகிற அந்த ஒரு இடத்தில்தான் பிழை வருகிறது.

உங்கள் உடம்பில் அப்படிப்பட்ட இடங்கள் எவை என்று தேடுங்கள். தேடினால் நிறையக் கிடைக்கும். தா, தெய் என்ற சொற்கட்டு இரண்டிலும் வருகிறது. காது அதைக் கேட்டதும் எந்தக் காலை எடுப்பது என்பதில் போட்டி. சதங்கை இரண்டிலும் காலில்தான். அப்புறம், நான் கவனித்த வரையில் பெரிய ஒன்று, முகம் பார்க்கும் திசை. கூத்து வட்டக்களரியில் ஆடுவது; சுற்றிவரச் சனம், நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டும். ஆடுகிறவருக்கு முன்பக்கம் என்று ஒன்று நிலையாகக் கிடையாது. பரதத்தில் சபை எதிரே இருக்கிறது. ஒவ்வோர் அடவும் அந்தத் திசையை வைத்தே முடிகிறது. இரண்டு வருடம் ஒரே திசைக்கு முடித்துப் பழகிய உடம்பை வட்டத்துக்குள் விட்டால், தாளக்கட்டு முடியும் இடத்தில் அது தன் சபையைத் தேடும். நீங்கள் பிசகுவதாகச் சொல்கிற இடமும் அதுதானே. மறுபக்கம், லய உணர்வு, மூச்சு, காலில் பலம், ஒரு வரிசையைப் பார்த்தவுடன் பிடிக்கிற கண் இவையெல்லாம் இரண்டுக்கும் பொது. இவற்றில் பரதம் உங்கள் கூத்துக்குக் கூட்டித்தான் கொடுத்திருக்கும். அது பிழையைப் போல வெளியே தெரியாது என்பதால் யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். பரத வகுப்பில் முதல் வருடம் உங்கள் ஆசிரியை, "கூத்துக்காரன் மாதிரி ஆடாதே" என்று சொல்லியிருப்பார், இல்லையா? பழையது முன்னோக்கி வந்து புதியதைத் தடுப்பதும் இதே போட்டிதான். பென்டன் அண்டர்வுட் என்பவர் 1957 இல் பழைய பரிசோதனைகளைக் கிளறிப் பார்த்தார். ஒரு நாளில் மனனம் செய்த பட்டியலில் முக்கால்வாசி போய்விடுகிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அந்த முடிவுகள் வந்தது ஏற்கெனவே பல பட்டியல் பாடமாக்கிய ஆட்களிடமிருந்து. ஒரேயொரு பட்டியல் மட்டும் படித்தவர்கள் அடுத்த நாள் மறந்தது கால்வாசி அளவே. அவரது கணக்கில் மறதியின் பெரும் பங்குக்குக் காரணம் முன்னாலேயே படித்து வைத்திருந்தவை. கூத்துப் பரதத்தைத் தடுத்தபோது நீங்கள் அதை "புதுசு பழகுவது கஷ்டம்" என்று எடுத்துக்கொண்டீர்கள். இப்போது பரதம் கூத்தைத் தடுக்கும்போது "அழிந்துவிட்டது" என்று பயப்படுகிறீர்கள்.

இதுவரை சொன்னவை சொற்களை வைத்துக் கண்டவை. உடம்பின் பழக்கத்துக்கும் அப்படியே பொருந்துமா என்று கேட்டால், பொதுவாகப் பொருந்துகிறது. ஆனால் நேரக் கணக்கில்தான் இழுபறி. 1996 இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரு இயந்திரக் கையைப் பிடித்து அசைக்கும் பரிசோதனை செய்தார்கள். கை ஒரு பக்கம் தள்ளப்படும்; அதைச் சமாளித்து நேராக நகர்த்தப் பழக வேண்டும். பழகிய உடனே எதிர்ப்பக்கம் தள்ளும் பயிற்சியைக் கொடுத்தால் முதலாவது கெட்டது. சுமார் 4 மணித்தியாலம் விட்டுக் கொடுத்தால் கெடவில்லை. "நாலு மணித்தியாலத்தில் பழக்கம் இறுகிவிடும்" என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. 2004 இல் வேறொரு குழு இதே மாதிரிச் செய்து பார்த்தபோது ஒரு நாள் இடைவெளி விட்டும் பழையது காப்பாற்றப்படவில்லை. நித்திரை பழக்கத்தை இறுக்குகிறது என்பதும் இப்படித்தான். நித்திரை ஞாபகத்தைக் காக்கிறது என்பது 1924 இல் முதன்முதலில் நன்றாகக் காட்டப்பட்டது, பொருளற்ற அசைகளை மனனம் செய்த இரண்டே இரண்டு மாணவர்களை வைத்து. விரலால் தட்டும் வரிசையை வைத்துச் செய்த பிந்திய பரிசோதனைகள், இரவு நித்திரைக்குப் பிறகு வேகம் கூடுகிறது என்றன. அந்தக் கூடுதலில் ஒரு பகுதி களைப்பு நீங்கியதால் வந்த தோற்றமே என்று மற்றவர்கள் வாதிடுகிறார்கள். ஆகவே நான் நம்பிச் சொல்வது இவ்வளவுதான்: ஒத்த இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக உடனே புதிதாகப் பழகினால் கெடும், இடைவெளியும் நித்திரையும் கெடுதல் செய்யாது, அநேகமாக நன்மை செய்யும். எத்தனை மணித்தியாலம் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

அதோடு, அந்த மணிக்கணக்கெல்லாம் புதிதாய்ப் பழகிய ஒன்றுக்குத்தான். உங்கள் வடமோடி நேற்றுப் பழகியதல்ல. வருடக்கணக்கில் இரவிரவாக ஆடி ஊறியது. அப்படி ஊறியது எளிதில் வெளியே வராமல் போகலாம், ஆனால் இல்லாமல் போவதில்லை. இதற்கு ஒரு சோதனை உண்டு, 1885 இலேயே எபிங்ஹவுஸ் சொன்னது: மறந்ததை மறுபடி பழகப் பிடிக்கும் நேரத்தை அளந்து பார். முதல்முறை எடுத்ததைவிடக் குறைந்தால் உள்ளே ஏதோ மிச்சம் கிடக்கிறது. இதில் அதிசயமான உதாரணம் கொரியக் குழந்தைகள். சிறு வயதில் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்தவர்களின் மூளையைப் படமெடுத்து, கொரிய மொழிக்கு ஒரு சுவடும் இல்லை என்று 2003 இல் எழுதினார்கள். 2017 இல் வந்த ஆய்வில், அதேபோல நெதர்லாந்தில் வளர்ந்தவர்களுக்குக் கொரிய ஒலிகளைக் கற்பித்தபோது, அந்த மொழியையே கேட்டிராத மற்றவர்களைவிட அவர்களின் உச்சரிப்பு நன்றாக வந்தது. கேட்டுப் பார்த்தபோது தெரியாத சுவடு, பழகிப் பார்த்தபோது தெரிந்தது. ஆகவே முதல் இரவு எப்படி ஆடினீர்கள் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நாலாவது, ஐந்தாவது இரவில் எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

கணினி படித்த யாராவது இடையில் வந்து, செயற்கை நரம்பு வலைகள் (மூளையைப் பார்த்துச் செய்த, தாமே படிக்கும் கணினி நிரல்கள்) புதியதைப் படித்தால் பழையதை முற்றாக மறக்கின்றனவே என்று கேட்கக்கூடும். உண்மைதான், 1989 இலேயே அதைக் காட்டிவிட்டார்கள், ஒன்றைக் கூட்டும் கணக்கைப் படித்த வலை இரண்டைக் கூட்டப் படித்ததும் முதலாவதை இழந்தது. மனித மூளை அப்படிக் குப்புற விழுவதில்லை. ஏன் என்பதற்கு 1995 இல் வைத்த விளக்கம் இன்றும் பலமாக நிற்கிறது: புதியதை வேகமாகப் பிடிக்க ஒரு பகுதி, பழையதோடு கலந்து மெதுவாகப் பதிய இன்னொரு பகுதி. ஆனால் வலைகளுக்கான மருந்து நமக்கும் பொருந்தும். புதியதைப் படிக்கும் காலத்திலேயே பழையதையும் இடையிடையே கொடுத்துவந்தால் அழிவு வெகுவாகக் குறைகிறது. இந்த இரண்டு வருடத்தில் மாதம் ஓர் இரவாவது கூத்தைத் தொட்டிருந்தால் இவ்வளவு வந்திராது.

சரி, இப்போது என்ன செய்வது. முதலில் இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளங்களைக் கூட்டுங்கள். கைபேசியில் பாட்டைப் போட்டு வீட்டு விறாந்தையில் கூத்துப் பழக வேண்டாம். அங்கே உடம்புக்கு இது கூத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. மத்தளம் நேரில் ஒலிக்கும் இடத்தில், மண் தரையில், வட்டத்துக்குள் நின்று பழகுங்கள். ஆடத் தொடங்கும் முன் உங்கள் வரவுப் பாட்டை, உங்கள் பாத்திரம் களரிக்குள் வரும் பாட்டை, வாய்விட்டு முழுக்கப் பாடுங்கள். பரத வகுப்பில் தட்டுக்கழிச் சத்தம் உடம்பைத் திருப்புவதுபோல, இங்கே பாட்டு திருப்ப வேண்டும். மென்பந்து அடித்துப் பழகிய பொடியன்மாரைக் கடினப்பந்துக்குக் கொண்டுவரும்போது நான் இதைத்தான் செய்வேன். குறுக்கே வீசும் கை உடனே போகாது. ஆனால் கால்காப்பைக் கட்டி, நேர்த் துடுப்பாகப் பத்துத் தரம் வெறுமனே வீசிவிட்டு உள்ளே போனால் முதல் ஓவரில் வரும் பழைய அடி பாதியாகக் குறையும்.

இரண்டாவது, முழு வரிசையையும் தொடக்கத்திலிருந்து திரும்பத் திரும்ப ஆடி நேரத்தை வீணாக்காதீர்கள். பிழை வரும் இடங்கள் கொஞ்சம்தான். தாளக்கட்டு முடியும் இடத்துக்கு முந்திய இரண்டு அடியிலிருந்து தொடங்கி, முடித்து, அடுத்ததற்குள் இறங்கும் வரை மட்டும், மெதுவாக. வேகம் கூடினால் அந்த நேரத்தில் பலமாக இருக்கிற பழக்கம்தான் வெல்லும், இப்போது பலமாக இருப்பது பரதம்.

மூன்றாவதில் கொஞ்சம் ஒழுங்கு தேவை. முதல் கிழமை கூத்து மட்டும். கால் ஓரளவு திரும்பி வந்தபிறகு, ஒரே நாளில் இரண்டையும் வேண்டுமென்றே மாற்றி மாற்றி ஆடுங்கள்: ஒரு தாளக்கட்டு, ஒரு அடவு, மறுபடி தாளக்கட்டு. இது எரிச்சலாக இருக்கும், ஆட்டம் மோசமானதுபோலத் தெரியும். 1979 இல் ஷேயும் மோர்கனும் கைப் பயிற்சிகளை வைத்துக் காட்டியது இதைத்தான். கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது பின்தங்கினார்கள், பத்து நாள் கழித்துச் சோதித்தபோது முந்தினார்கள். மைதானத்திலும் மேடையிலும் இந்த நன்மை ஆய்வுகூடத்தில் கண்ட அளவுக்குப் பெரிதாக வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் உங்களுக்கு வேண்டியது அந்த மாறும் திறமையேதான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறப் பழகாமல் இரண்டையும் வைத்திருக்க முடியாது.

அண்ணாவியாரின் பயத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். அடவு வந்து விழுந்தால் உங்களுக்கே தெரிகிறது, திருத்திவிடலாம். தெரியாமல் கலப்பதுதான் ஆபத்து. கை கொஞ்சம் வடிவாக நீள்வது, பாதம் கொஞ்சம் தட்டையாக விழுவது, துள்ளலில் ஒரு அரை அங்குலம் குறைவது. ஆடுகிறவருக்கு இவை பிழையாகவே உறைக்காது, சிலவேளை முன்பைவிட அழகாகக்கூடத் தோன்றும். பழைய ஞாபகத்தைத் தட்டியெழுப்பி உடனே புதியதைப் பழகினால் பழையதே மாறிவிடும் என்று 2003 இல் விரல் பயிற்சியை வைத்து எழுதினார்கள். 2016 இல் அதை மறுபடி செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. காரணம் எதுவானாலும், ஆட்டம் மெல்லச் சாய்வதைக் கண்ணால் காண்கிறோம். அதற்கு மருந்து வெளிக் கண். அண்ணாவியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முன்பு உங்களை ஆட்டிய காலத்து வீடியோ ஏதும் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். கூத்தில் பரதம் கலக்கலாமா என்பது வேறு வழக்கு. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் கூத்தை வட்டக்களரியிலிருந்து பேராதனை மேடைக்குக் கொண்டுபோன நாளிலிருந்து எது கூத்து, எது இல்லை என்ற வாதம் நடக்கிறது. அதற்கு உளவியலில் தீர்ப்பு இல்லை. தெரிந்து கலப்பது உங்கள் உரிமை. தெரியாமல் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தப் "பெரும்பாலும்". இரண்டு வருடம் கூத்தைத் தொடாமல் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் பரதத்தின் மேல் போட முடியாது. இதைப் பிரித்துப் பார்க்க உங்கள் ஊரிலேயே வழி இருக்கிறது. உங்களோடு முன்பு ஆடிவிட்டு, இடையில் கடை, வயல் என்று போய், வேறு எந்த ஆட்டமும் பழகாமல் இப்போது திரும்பி வந்தவர் யாராவது அடுக்குக்கு (ஒத்திகைக்கு) வருகிறாரா? அவருடைய கால் எங்கே பிசகுகிறது என்று கவனியுங்கள். அவரும் நீங்கள் பிசகும் இடத்திலேயே நின்று திகைத்தால் அந்த இடம் எல்லோருக்குமே கடினமானது, பழக்கம் விட்டதால் போனது. அவர் சரியாக ஆடுகிற இடத்தில் நீங்கள் மட்டும் அரைமண்டிக்குப் போனால் அது பரதத்தின் வேலை. முதல் வகைக்கு வெறும் திரும்பப் பழகல் போதும்; இரண்டாவதற்குத்தான் மேலே சொன்ன பிரிப்பும் மாற்றி ஆடலும்.

பரதத்தை விட வேண்டாம். கூத்து அரங்கேற்றத்துக்கு எத்தனை கிழமை இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் இரண்டையும் மேலே சொன்ன ஒழுங்கில் கொண்டுபோகலாம். இரண்டு கிழமைதான் என்றால் பரத ஆசிரியையிடம் சொல்லி, அரங்கேற்றம் முடியும் வரை புதிய அடவு எதையும் எடுக்காமல், பழையவற்றை மட்டும் கிழமைக்கு ஒருநாள் ஆடி வாருங்கள். கூத்து முடிந்த அடுத்த வகுப்பில் அரைமண்டி கொஞ்சம் உயர்ந்து நிற்கும். அதை அவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.